பதினெட்டாவது ஆள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் இன்றைக்கு அரசாங்கத்துக்கு வரி கட்டுகிற பிள்ளைகள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. இருந்தாலும் இதை நானேதான் எழுதுகிறேன். எங்கள் முதியோர் சங்கத்து ஆண்டு மலருக்கு மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்களாம். எனக்கு அது வேண்டாம். என் கையெழுத்து மெதுவாக வரும், ஆனால் வந்து சேரும்.

நான் எழுதப்போவது என் சம்பந்தியைப் பற்றி. அவருடைய பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சம்பந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வாயால் சொல்லாத பெயரை இப்போது கையால் எழுதுவதும் சரியில்லை.

என் மூத்த மகளை அவருடைய மூத்த மகனுக்குக் கொடுத்தேன். அந்தக் கலியாண வீட்டிலேயே அவருடைய இளையவன் என் இளையவளைப் பார்த்துவிட்டான். அடுத்த வருஷம் அதுவும் நடந்தது. மூத்ததுகள் சிட்னியில் கிரவீனில் வீடு வாங்கினார்கள். இளையதுகள் மெல்பேர்னில் டார்னெய்ட்டில் வாங்கினார்கள். ஆகவே இரண்டு வீட்டிலும் எனக்கும் உரிமை, அவருக்கும் உரிமை. என்னுடைய மனுசன் ஊரிலேயே போய்விட்டார். அவருடைய மனைவி இங்கே வந்த பிறகு போனவ. நாங்கள் இருவரும் கிரவீன் வீட்டில்தான் இருந்தோம். எனக்குக் குசினிக்குப் பக்கத்து அறை. அவருக்குக் கராஜை மறித்துக் கட்டின அறை.

அவருக்கு ஃபுட்டி விசர், பைத்தியம் என்றே வையுங்கள். உதைபந்து என்றுதான் பெயர், ஆனால் காலால் உதைப்பது குறைவு. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், நாலு பேர் ஓடிப்போய் அவனை விழுத்துவார்கள். அவன் எழும்பி, பந்தைக் காலுக்கிடையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, திரும்பவும் விழப் போவான். இதைத்தான் அவர் வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிறு வரைக்கும் பார்ப்பார். அவருடைய கழகம் எங்கள் பக்கத்துக் கழகம். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அந்தக் கழகத்தைப் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

ஊரில் அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை பார்த்தவர். பந்து விளையாடினவர் இல்லை. ஓடினதையே ஒருவரும் கண்டதில்லை. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் வேலியின் அந்தப் பக்கத்து வெள்ளைக்காரக் கிழவர், இவர் நடுங்குவதைப் பார்த்து, தன்னுடைய பழைய கழகச் சால்வையைக் கழுத்தில் சுற்றிவிட்டார். அதோடு பிடித்தது.

ஆனால் மற்ற விசரர்கள் போல இல்லை இவர். அவர்கள் யார் எத்தனை புள்ளி எடுத்தான் என்று பார்ப்பார்கள். இவர் யாருடைய தலையில் கை பட்டது என்று பார்ப்பார். இப்போது ஒரு விதி இருக்கிறதாம்: விழுத்தும்போது தலையைத் தொடக் கூடாது, தொட்டால் தொட்டவன் வெளியே. தலையில் அடிபட்டவனையும் வெளியே கொண்டுபோய், ஒரு கதிரையில் இருத்தி, வைத்தியர் கேள்வி கேட்டு, மறுமொழி சரியாக வந்தால்தான் திரும்ப விடுவார்கள். பழைய ஆட்களுக்கு இந்த விதி பிடிக்காது. விளையாட்டைப் பஞ்சு மெத்தையாக்கிவிட்டார்கள் என்று வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று கிழவர் கத்துவார். தன் காலத்தில் தாடை உடைந்தவன்கூட எழும்பி ஓடினானாம். சம்பந்தி இந்தப் பக்கத்தில் நின்று இங்கிலிசில் மறுமொழி சொல்லிவிட்டு, உள்ளே வந்து எனக்குத் தமிழில் சொல்லுவார்:

"தாடை உடைஞ்சு ஓடினவன் இப்ப எங்கை சம்பந்தி? எங்கை எண்டு அவனுக்கே தெரியாது. ஒரு காப்பகத்திலை இருந்து சுவரைப் பாக்கிறான்."

அவருடைய மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒன்றுமில்லை என்று எழும்பி, மத்தியானச் சமையலும் முடித்துவிட்டுத்தான் போனவ என்று மகள் எனக்கு ஒருமுறை சொன்னாள். அதுதான் காரணமா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விதிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

விதி மைதானத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது. அது வீட்டுக்குள் வந்தது. குசினி அலுமாரிக் கதவு ஒவ்வொன்றின் மூலையிலும் ஸ்பொஞ்ச் ஒட்டினார். உடுப்புக் காயப்போடுகிற சுற்றுக் கம்பிக்குத் துணி சுற்றினார். விளையாட்டுக்காரர் போடுகிற பஞ்சு வைத்த தொப்பி ஒன்று வாங்கி, காதை மூடித் தாடையில் நாடா கட்டிக்கொண்டுதான் முருங்கை மரத்துக்குக் கீழே போவார். எனக்கும் ஒன்று வாங்கி வந்தார். சேலையோடு அதைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர், சேலையோடு ஓடுகிற ஆளைத்தான் முதலில் விழுத்துவார்கள் என்றார்.

வீட்டில் யாருக்காவது தலை இடித்தால் உடனே கதிரை வரும். வைத்தியர் கேட்கிற அந்த ஐந்து கேள்விகளையும் தமிழாக்கி வைத்திருந்தார். இன்றைக்கு எந்த மைதானம், இது எந்தப் பாதி, கடைசியாக யார் அடித்தது, போன கிழமை யாரோடு விளையாடினோம், வென்றோமா. விளையாட்டு இல்லாத மாதங்களில் ஐந்தாவதுக்கு மறுமொழி தேவையில்லை என்பது அவருடைய விதி. குசினியில் இடித்தால் மைதானம் குசினி. மத்தியானம் திரும்பினால் இரண்டாம் பாதி. கடைசியாக அடித்தது கதவு. இவ்வளவும் யாரும் சொல்லலாம். நாலாவதிலும் ஐந்தாவதிலும்தான் எல்லோரும் விழுவார்கள், ஏனென்றால் அந்த வீட்டில் அவரைத் தவிர ஒருவரும் ஃபுட்டி பார்ப்பதில்லை.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு கலியாணத்துக்கு வெளிக்கிட்ட அன்று மருமகன், அதுதான் அவருடைய மூத்த மகன், காரின் பின்கதவில் தலையை இடித்துக்கொண்டார். பட்டுவேட்டியோடு கதிரையில் இருத்திக் கேள்வி நடந்தது.

"போன கிழமை ஆரோடை விளையாடினது?"

"அப்பா, தாலி கட்டுற நேரம் போகப்போகுது."

"கேட்டதுக்கு மறுமொழி இல்லை. சம்பந்தமில்லாமல் கதைக்கிறார்" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, கார்த் திறப்பைத் தன் மடியில் செருகிக்கொண்டார். மகள்தான் கடைசியில் அதை வாங்கிக் காரைக் கிளப்பி ஓட்டினாள். அவள் ஓட்டினால் நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி தொடங்கியிருந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கேள்வியில் நான் தோற்பதா என்று நினைத்தேன். அன்றையிலிருந்து ஞாயிறு இரவில் அவர் செய்தி பார்க்கும்போது, உழுந்து கழுவுகிற சாட்டில் கதவடியில் நின்று முடிவைக் கேட்டு மனதில் போட்டுக்கொண்டேன். ஒருமுறை மேல் தட்டிலிருந்து சுளகை எடுக்கும்போது அது தலையில் விழுந்தது. கதிரை வந்தது. ஐந்துக்கும் மறுமொழி சொன்னேன். தோற்ற புள்ளியையும் சேர்த்துச் சொன்னேன். அவர் மறுமொழிகளை விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு, "நீங்கள் போகலாம், விளையாடுங்கோ" என்றார். நான் குசினிக்குப் போய் வடை சுட்டேன். அந்த வீட்டில் அந்தச் சோதனையில் சித்தியடைந்த ஒரே ஆள் நான்தான்.

கோயிலில் நடந்ததையும் சொல்லவேண்டும். தேர் நாளில் வீதியில் சிதறுதேங்காய் அடிக்கிறார்கள். எல்லோரும் வேட்டி சால்வையோடு நிற்க, சம்பந்தி வேட்டியும் பஞ்சுத் தொப்பியுமாக நிற்கிறார். தேங்காய் அடிக்கிறவனுக்கும் சனத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் வேண்டும் என்று அவனிடமே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவன் கேட்காமல் ஓங்கி அடித்தான். ஒரு சிரட்டைத் துண்டு பறந்துபோய்க் கோயில் சபைத் தலைவரின் நெற்றியில் பட்டது. தலைவர் பெரிய எஞ்சினியர், கோயிலுக்கு நிலம் எடுத்ததே அவர்தான். சம்பந்தி ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு ஓடினார். நான் சொன்னேனே, அவர் ஓடினதை ஒருவரும் கண்டதில்லை என்று, அன்றைக்குக் கண்டார்கள்.

"ஐயா, இருங்கோ. இண்டைக்கு எந்த மைதானம்?"

"என்னப்பா, உமக்கென்ன விசரோ?"

"கோவம் வருகுது" என்று சம்பந்தி சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். "இதுதான் முதல் அறிகுறி."

தலைவர் எழும்பப் பார்க்க, இவர் தோளைப் பிடித்து இருத்த, தலைவருக்கு இன்னும் கோபம் வர, இவர் அதையும் அறிகுறி என்று சொல்ல, சனம் மெல்ல மெல்ல இவர் பக்கம் சாய்ந்துவிட்டது. தண்ணீர் கொண்டு வந்தார்கள். விசிறினார்கள். ஒரு தாதிப் பெண் நாடி பிடித்தாள். இதற்கிடையில் தேர் இருப்புக்கு வந்து, ஐயர் காளாஞ்சி கொடுக்கத் தலைவரைத் தேடி, காணாமல், உபதலைவரின் கையில் கொடுத்துவிட்டார். அந்த மரியாதையை வாங்க உபதலைவர் எத்தனையோ வருஷம் காத்திருந்தவர். வாங்கும்போது அழுதார். தலைவர் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷம் வரவில்லை. உபதலைவர் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார்.

புரட்டாதியோடு விளையாட்டு முடிந்துவிடும்; மாசி கழிந்துதான் திரும்பத் தொடங்கும். அந்த இடைக் காலம்தான் அவருக்குப் பெரிய வேலை. கழகங்கள் ஆட்களை விற்று வாங்குகிற காலம் அது. யார் எங்கே போகிறான், யாரைக் கொடுத்து யாரை எடுக்கிறார்கள் என்று காலையிலிருந்து வானொலி கேட்பார். ஒரு வருஷம் அவருடைய கழகம் தன் மூத்த ஆட்டக்காரன் ஒருவனை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டது. பொடியனாக வந்து அங்கேயே தலை நரைத்தவன். சம்பந்தி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நேயர்கள் பேசுகிற வானொலிக்குத் தொலைபேசி எடுத்து, காதில் வைத்தபடி காத்திருந்தார். நான் மீன் வெட்டத் தொடங்கும்போது எடுத்தவர், குழம்பு இறக்கியும் காத்திருந்தார். கடைசியில் இணைப்புக் கிடைத்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார். வானொலிக்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தேன்.

"போறதுக்கு விருப்பமோ எண்டு அவனிட்டை ஆரும் கேட்டவையோ எண்டு கேட்டன்."

அவர் இன்னொன்றும் அடிக்கடி சொல்லுவார். ஒரு பக்கத்தில் பதின்மூன்று பேர் விளையாடுவார்கள், மாற்றுக்கு நாலு பேர் வெளியில் இருப்பார்கள். அதற்கும் அப்பால் ஒருவன், பதினெட்டாவது ஆள், முழு உடுப்பும் போட்டுக்கொண்டு இருப்பான். மற்றவர்களுக்குத் தலையில் அடிபட்டு ஆள் குறைந்தால்தான் அவன் இறங்கலாம். வருஷம் முழுக்க வெளிக்கிட்டு இருந்து, ஒரு நிமிஷமும் விளையாடாமல் வீட்டுக்குப் போகிறவன் உண்டாம். "அவன்தான் நான்" என்பார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நான் அதைப் பகிடி என்று நினைத்தேன். ஆனால் அவர் காலையில் எழும்பிச் சவரம் செய்து, ஷேர்ட் போட்டு, பெல்ட் கட்டி, காலுக்கு மேசும் இழுத்துப் போட்டுக்கொண்டு கராஜ் அறையில் கதிரையில் இருப்பார். யாராவது ஒரு வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று. கூப்பிடுகிறவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

இனித்தான் விஷயம். டார்னெய்ட் மகளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து, விடுப்பு முடிந்து, ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பவேண்டி வந்தது. அவளுடைய மனுசனுக்கும் மாறி மாறி வேலை. பிள்ளையோடு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். ஒரு தை மாதக் காலை, இரண்டு மகள்மாரும் தொலைபேசியைச் சத்தமாகப் போட்டுக் கதைத்தார்கள். நான் அதே குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மாவை ஒரு வருஷத்துக்கு அனுப்பு என்றாள் இளையவள். ஒரு வருஷம் அதிகம், அம்மா இல்லாமல் எனக்கும் ஏலாது, ஆவணி வரைக்கும் வைத்திரு என்றாள் மூத்தவள். பதிலுக்கு டிசம்பர் நத்தார் விடுமுறைக்குத் தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து மூத்தவளிடம் விடமாட்டேன் என்று இளையவள் ஒப்புக்கொண்டாள். சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டார்கள். கத்தரிக்காய் முடிந்தது, நான் வெங்காயம் எடுத்தேன்.

எனக்குப் போக விருப்பமில்லை. பிள்ளை வளர்க்கப் பயமில்லை. ஐந்து வளர்த்தவள் நான். ஆனால் கிரவீனில் என் கால் என்னுடையது. நடந்து பெண்டில் ஹில்லுக்குப் போவேன், முருங்கைக்காய் விற்பேன், மீன்கடையில் பேரம் பேசுவேன், வெள்ளிக்கிழமை கோயில் மடைப்பள்ளியில் என் சொல்லுக்கு நாலு பேர் நடப்பார்கள். இளையவளின் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு டார்னெய்ட்டில் இருந்து பார்த்தேன். அங்கே தெரு முடிந்தால் அதே மாதிரி இன்னொரு தெரு. காற்று ஆளைத் தள்ளும். யாராவது காரில் ஏற்றினால்தான் உலகம். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. போகமாட்டேன் என்று சொன்னால் இளையவளின் முகம் வாடும். அதைவிட, கேட்காத கேள்விக்கு மறுமொழி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சூட்கேசை எடுத்துச் சேலைகளை அடுக்கினேன்.

சாப்பாட்டு மேசையில் சம்பந்திதான் கேட்டார், "அவவின்ரை சம்மதம் எடுத்தாச்சோ?" என்று.

"அப்பா, இது ஃபுட்டி இல்லை" என்றார் மருமகன்.

"அதிலைகூடக் கேக்கிறேல்லைத்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அவரை அனுப்பலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். தேத்தண்ணீர் போடத் தெரியாத மனிதர். அதோடு மெல்பேர்ன் என்றாலே அவருக்கு ஆகாது. அங்கே விளையாடுவது வேறு ஃபுட்டி. வட்டமான மைதானம், பந்தைக் கையால் குத்துவார்கள். அது தொலைக்காட்சியில் வந்தால் எழும்பிப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை காலை. இளையவளுக்குக் கொண்டுபோக முறுக்கு டின் எடுக்கக் கீழ்த்தட்டுக்குக் குனிந்தேன். நிமிரும்போது மேல் அலுமாரிக் கதவில் தலை முட்டியது. அந்த வீட்டில் அலுமாரிக் கதவு திறந்து கிடப்பதே அரிது. திறந்து கிடந்தால் கத்துகிற மனிதர் கதவடியில் கதிரையோடு நிற்கிறார். கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இல்லை, ஏற்கெனவே நிற்கிறார். நான் கையால் கதவைத் தடவிப் பார்த்தேன். எல்லா மூலையிலும் ஒரு ஸ்பொஞ்ச். அந்த மூலையில் மட்டும் மூன்று, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. தலையணையில் படுத்த மாதிரித்தான் இருந்தது.

நான் கதிரையில் இருந்தேன். மூத்தவள் சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"சம்பந்தி, இண்டைக்கு எந்த மைதானம்?"

"குசினி."

"எந்தப் பாதி?"

"முதல் பாதி. இன்னும் பன்னிரண்டு அடிக்கேல்லை."

"கடைசியா ஆர் அடிச்சது?"

"கதவு."

"போன கிழமை ஆரோடை விளையாடினது?"

இந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நல்லாய் விளங்கியது. ஒரு கழகத்தின் பெயரைச் சொன்னால் போதும், ஏதாவது ஒன்று. நான் தோற்றுவிடுவேன், சனிக்கிழமை விமானமும் தோற்றுவிடும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஞாயிறு ஞாயிறாகக் கதவடியில் நின்று படித்த படிப்பு அது. மூத்தவள் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"தை மாசத்திலை என்ன விளையாட்டு? போன கிழமை விளையாட்டு இல்லை. வெண்டனாங்களோ எண்டும் இந்தக் காலத்திலை கேக்கத் தேவையில்லை, அது உங்கடை விதிதான்" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஆறுதலா யோசியுங்கோ சம்பந்தி. இன்னொருக்காக் கேக்கிறன்" என்றார். இன்னொருக்காலும் சரியாகச் சொன்னேன். அப்போது மூன்று ஸ்பொஞ்ச் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாய்விட்டுச் சிரிக்கிற பெண் இல்லை. அன்றைக்குச் சேலைத் தலைப்பை வாயில் வைத்தும் அடக்க முடியவில்லை.

சம்பந்தி நிமிர்ந்தார். "பாருங்கோ பிள்ளை" என்று என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "உங்கடை அம்மா சிரிச்சு எப்பவாவது கண்டனீங்களோ? தலையிலை அடிபட்டுச் சிரிக்கிறா. இதுதான் பாரதூரம்."

மகள் பயந்துபோனாள். பெண்டில் ஹில்லில் இருக்கிற எங்கள் தமிழ் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தாள். வயதையும் தலையையும் சேர்த்துக் கேட்ட வைத்தியர், என்னை வந்து காட்டச் சொன்னார்; எப்படியிருந்தாலும் பத்து நாளைக்கு விமானம் வேண்டாம் என்றார். மகள் தங்கைக்குச் சொல்ல, டார்னெய்ட்டில் அழுகை. திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது, இனி யாரைப் பிடிப்பது என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள்.

கராஜ் அறைக் கதவு திறந்தது. கழுத்தில் சால்வை, ஒரு கையில் பை, மறு கையில் பஞ்சுத் தொப்பி. மேசுக்கு மேல் சப்பாத்தும் போட்டிருந்தார், வீட்டுக்குள்.

"பதினெட்டாவது ஆள் இறங்குறன்" என்றார்.

"மாமா, உங்களுக்குத் தேத்தண்ணிகூடப் போடத் தெரியாது" என்றாள் மகள்.

"குழந்தை தேத்தண்ணி குடிக்காது பிள்ளை."

அவள் தொலைபேசியைச் சத்தமாகப் போட்டாள். மற்றப் பக்கத்தில் இளையவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாமா வரட்டும், பத்து நாளைக்குத்தானே என்றாள். புது டிக்கெட் போட்டார்கள். போகும்போது வாசலில் நான் முறுக்கு டின்னைக் கொடுத்தேன். ஏன் சம்பந்தி உந்த வேலை என்று கேட்டேன். "உங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். உங்களிடம் மட்டும் யார் கேட்டது என்றேன். "என்னை ஆர் கேக்கப்போயினம்? நானாத்தான் வந்து நிக்கோணும். போட்டு வாறன்."

பத்து நாள் கழித்து அவரைத் திருப்பி அனுப்ப இளையவள் மறுத்துவிட்டாள். வீடு முழுக்க மூலைகளில் ஸ்பொஞ்சாம். தவழுகிற பிள்ளை எங்கே முட்டினாலும் சிரிக்கிறதாம். பழைய ஆட்டங்களை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினால் இடைவேளைக்கு முன்னமே தூங்கிவிடுகிறதாம். பாலை அளந்து கரைக்க யூடியூப்பில் பழகிவிட்டாராம். ஒரு கிழமை இவர் அங்கே இல்லாவிட்டால் வீடு நடக்காது என்று அவள் சொன்னதை, அவரே எனக்குத் தொலைபேசியில் மூன்று தரம் சொன்னார். கிரவீன் தன்னைத் திருப்பிக் கேட்டால் என்ன விலை சொல்லவேண்டும் என்றும் யோசித்து வைத்திருந்தார்: மாற்றுக்கு நான், அதோடு மேல் அலுமாரி நிறைய முறுக்கு.

அந்த ஊர் ஃபுட்டியைப் பற்றி ஒவ்வொரு கிழமையும் முறைப்பாடு. "நாலு கம்பு நட்டிருக்கிறாங்கள் சம்பந்தி. நடுவாலை அடிச்சால் ஆறு. அது பிழைச்சு, பக்கத்துக் கம்புக்குள்ளாலை போனாலும் ஒண்டு குடுக்கிறாங்கள். பிழைச்சதுக்குப் புள்ளி. எங்கையாவது கேள்விப்பட்டனீங்களோ?"

இல்லை என்றேன்.

அடுத்த குளிர்காலம் அதே கதையைத் திரும்பச் சொன்னார். குரல் மாறியிருந்தது. "கிட்டப் போய்ப் பிழைச்சவனைச் சும்மா விடக்கூடாது எண்டு ஆரோ யோசிச்சிருக்கிறான்" என்றார். பிறகு குழந்தை எழும்புகிறது என்று வைத்துவிட்டார்.

அங்கே நான் போகும்போது நானாகக் கேட்டுப் போவேன், நானாகத் திரும்பி வருவேன். அதன் பிறகு ஒருவரும் என்னைக் கேட்காமல் டிக்கெட் போட்டதில்லை. கேட்காமல் போட்டால் சம்பந்தி விதி சொல்லத் தொடங்கிவிடுவார் என்ற பயம்.

அவர் போனது போன கார்த்திகையில். டார்னெய்ட்டில், பின்னேரத் தூக்கத்தில். விளையாட்டுக் காலம் முடியும் வரைக்கும் காத்திருந்து போன மாதிரித்தான் எனக்குப் பட்டது. பக்கத்து வீட்டுக் கிழவருக்கு வேலியடியில் நின்று நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஸ் போதவில்லை, ஆனால் விளங்கிக்கொண்டார். உள்ளே போய், தலைக்குப் போடுகிற பஞ்சுத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சம்பந்தி கொடுத்ததாம். ஏணி ஏறும்போது போடுகிறாராம்.

தகன மண்டபத்துக்குப் போய் இறங்கும்போது, மகளின் பெரிய காரின் கதவு மேற்சட்டத்தில் என் தலை இடித்தது. ஸ்பொஞ்ச் இல்லாத இரும்பு; நல்லாய் வலித்தது. எல்லோரும் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார்கள். வாசலில் ஒரு கதிரை இருந்தது. நான் போய் இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன், ஒருவரும் வந்து கேட்கவில்லை. ஆகவே நானே சொன்னேன். மைதானம் மெல்பேர்ன். இரண்டாம் பாதி. கடைசியாக அடித்தது கார். போன கிழமை விளையாட்டு இல்லை. ஐந்தாவது, வென்றோமா என்பதற்கு இந்தக் காலத்தில் மறுமொழி தேவையில்லை. அது அவருடைய விதி. இருந்தாலும் அன்றைக்கு அதையும் சொன்னேன்.

வெண்டனாங்கள்.

பிறகு எழும்பி உள்ளே போனேன்.

அவ்வளவுதான். பேனை மை முடியப்போகிறது. மூத்தவளின் மகள் பக்கத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். பிள்ளை, அதை வைத்துவிட்டு இங்கே வா. இதை அம்மம்மாவுக்கு ஒருக்கால் சத்தமாக வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை கனக்க இருக்கும், வெட்டாமல் வாசி. கிட்டப் போய்ப் பிழைத்ததுக்கெல்லாம் ஒவ்வொரு புள்ளி போடு.